முகவரியில் ஒரு பூஜ்யம்

சி மொழி நிரலில், எழுத்தாக வரும் ஐபி முகவரியையும் போர்ட் எண்ணையும் (கருவியில் எந்தச் சேவையோடு பேசுவது என்று காட்டும் எண்) எப்படிப் படிப்பது? 'ஐநெட்_ஆடர் (inet_addr) முகவரியைச் சரிபார்த்துவிடும், போர்ட்டுக்கு, எழுத்தை எண்ணாக்கும் ஏடுஐ (atoi) போதும்' என்று நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

கோத்தகிரியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலை. இலை வாட்டும் தொட்டியின் ஈரப்பதமானிக்கு, எண்கள் வரிசையாகத் தெரியட்டும் என்று யாரோ 192.168.010.5 என எழுதிவைத்திருந்தார்கள். முன்னால் பூஜ்யம் இருந்தால் ஐநெட்_ஆடர் அதை எட்டின் அடிமான (ஆக்டல்) எண்ணாகக் கொள்ளும். 010 என்பது 8 ஆகி, நிரல் 192.168.8.5ஐத் தேடியது. பிழைச் செய்தியே இல்லை. மூடுபனியில் கேபிளைத் தடவிக்கொண்டு அரை நாள் போனது! தோல்விக்கு அது தருவதும் -1, 255.255.255.255 என்ற செல்லுபடியாகும் முகவரிக்கும் அதே மதிப்புதான். அதற்குப் பதில் ஐநெட்_பிடூஎன் (inet_pton) பயன்படுத்துங்கள். லினக்ஸில் அது இந்தப் பூஜ்யத்தை ஏற்காது. அது திருப்பித் தரும் மதிப்பு 1 என்றால் மட்டுமே வெற்றி. 'பூஜ்யம் இல்லை' என்று மட்டும் சோதித்தால், பிழையைக் குறிக்கும் -1உம் வெற்றியாக நுழைந்துவிடும்.

ஏடுஐ '80அஆ' என்பதை 80 என்றும், வெறும் 'அஆ'வை 0 என்றும் தரும். 70000 கொடுத்து, போர்ட் எண்ணுக்கான 16 பிட்டில் அடைத்தால் 4464ஆம் போர்ட்டுக்குப் போவீர்கள். ஏடுஐக்குப் பதில் ஸ்டர்டால் (strtol) எடுங்கள்: அழைக்கும் முன், பிழை எண் பதியும் எர்நோவைப் (errno) பூஜ்யமாக்கி, பிறகு அதையும், ஓர் இலக்கமாவது படிக்கப்பட்டதா, படிப்பு நின்ற இடத்தைக் காட்டும் முடிவுச் சுட்டி சரத்தின் கடைசியில் நிற்கிறதா என்பதையும் பார்த்து, 1 முதல் 65535 வரை மட்டும் அனுமதியுங்கள்.