பால் நூல் தெரிந்தால் மட்டும் போதாது

உருளைக்கிழங்கின் பாக்டீரியா வாடல் நோயைக் கண்டறிவது பற்றிய ஒரு கட்டுரை, வாடிய செடியின் தண்டை வெட்டித் தண்ணீரில் தொங்கவிட்டுப் பால் போன்ற நூல் இறங்குவதைப் பார்ப்பதோடு நின்றுவிட்டது. அந்தச் சோதனை, வாடல் நோயை உண்டாக்கும் ரால்ஸ்டோனியா பாக்டீரியா இருக்கலாம் என்று மட்டுமே சொல்லும். எந்த வகை என்று சொல்லாது.

மாதிரியை அழுகிய கிழங்கிலிருந்து எடுக்காதீர்கள், அழுகல் பாக்டீரியாக்கள் முந்திக்கொண்டு வளர்ந்துவிடும். புதிதாக வாடத் தொடங்கிய செடியின் அடித்தண்டே நல்லது. லிட்டருக்கு 50 மில்லிகிராம் டெட்ரசோலியம் குளோரைடு (நிறம் காட்டும் வேதிப்பொருள்) சேர்த்த கெல்மன் ஊடகத்தில், அதாவது இந்தப் பாக்டீரியாவை வளர்க்கும் தட்டில், மாதிரியைக் கோடாக இழுத்து, 28 டிகிரியில் 48 மணி நேரம் வையுங்கள். வளரும் பாக்டீரியாக் கூட்டங்களில், ஒழுங்கற்ற வடிவில், கொழகொழவென்று வெள்ளையாக, நடுவில் இளஞ்சிவப்போடு இருப்பவையே வீரியமுள்ளவை, அதாவது நோயுண்டாக்கக்கூடியவை. சிறிதாக, வட்டமாக, அடர்சிவப்பாக இருப்பவை வீரியம் இழந்தவை. திரும்பத் திரும்ப மாற்றி வளர்த்தாலே இப்படி ஆகிவிடும். பலர் கோட்டைவிடும் இடம் இதுதான். ஆகவே தூய கூட்டத்தைக் கிருமி நீக்கிய காய்ச்சி வடித்த நீரில் கலக்கி அறை வெப்பத்தில் சேமியுங்கள்.

பயோவார் (எந்தச் சர்க்கரைகளைப் பயன்படுத்துகிறது என்பதை வைத்துப் பிரிக்கும் வகை) பிரிக்க, பாக்டீரியா லாக்டோஸ், மால்டோஸ், செல்லோபயோஸ் மூன்றையும் பயன்படுத்தி, மானிட்டால், சார்பிட்டால், டல்சிட்டாலைத் தொடாவிட்டால் அது பயோவார் 2. ஒப்பிட, சர்க்கரை சேர்க்காத குழாய் ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும்.

மல்டிபிளெக்ஸ் பிசிஆரில் (ஒரே குழாயில் பல டிஎன்ஏ துண்டுகளைப் பெருக்கும் சோதனை) ரால்ஸ்டோனியாவைக் காட்டும் 280 அடியிணைப் பட்டை கட்டாயம் வேண்டும். அதோடு 372 வந்தால் ஃபைலோடைப் (மரபுவழிப் பிரிவு) 2, 144 வந்தால் ஃபைலோடைப் 1. ஃபைலோடைப் 1 இப்போது ரால்ஸ்டோனியா சூடோசொலனாசியாரம் என்ற தனி இனம். ரால்ஸ்டோனியா சொலனாசியாரம் என்ற பழைய பெயரிலேயே அறிக்கை எழுதுவது குழப்பும். இன்னும் நுணுக்கமாகப் பிரிக்க ஈஜிஎல் (egl, எண்டோகுளுக்கனேஸ் நொதிக்கான) மரபணு வரிசையைப் படிக்க வேண்டும்.