முதல் பரிசோதனை புருசனுக்கு

கலியாணம் முடிந்து ஆறு மாதம் ஆகியிருக்காது, "என்ன மகள், இன்னும் ஒண்டும் இல்லையா?" என்று கேட்கத் தொடங்கிவிடுவார்கள். கேள்வி எப்போதும் மகளுக்குத்தான். மட்டக்களப்பு மாமாங்கக் கோயிலுக்கு நேர்த்தி, ஓதிய தண்ணி, ஸ்கான், இரத்தப் பரிசோதனை, கருக்குழாய் எக்ஸ்ரே எல்லாம் அவளுக்கு. நகை அடகுக்குப் போன பிறகுதான் "மருமகனையும் ஒருக்கா பாப்பமே" என்பார்கள். பிள்ளை தங்காத தம்பதிகளில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆண் பக்கக் காரணமும் இருக்கிறது. செலவு குறைந்த, ஊசி குத்தாத பரிசோதனையும் அவருடையதுதான். அதைக் கடைசிக்குத் தள்ளுவது அநியாயம்.

விந்துப் பரிசோதனைக்கு முன் 2 முதல் 7 நாள் உறவு வேண்டாம். ஆய்வுகூடம் தரும் போத்தலில் முழுவதையும் எடுக்க வேண்டும். முதல் துளிகளில்தான் அணுக்கள் அதிகம், சிந்தினால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். எண்ணெய், சவர்க்காரம், எச்சில் எதுவும் படக்கூடாது. ஒரு மணித்தியாலத்துக்குள் ஆய்வு தொடங்க வேண்டும். வாகரை, பொத்துவில் போன்ற தூர ஊர்களிலிருந்து போத்தலோடு பஸ் ஏறினால் ரிப்போர்ட் பிழையாகிவிடும். ஆய்வுகூடத்திலேயே அறை கேளுங்கள். முந்தைய இரண்டு மூன்று மாதத்தில் டெங்கு போன்ற கடும் காய்ச்சல் வந்திருந்தாலும் எண்ணிக்கை விழும். விந்தணு உருவாக ஏறத்தாழ 72 நாள் பிடிக்கும் என்பதால், குறைவாக வந்தால் மூன்று மாதம் விட்டுத் திரும்பப் பார்ப்பார்கள். ஒரு மில்லிலீற்றரில் 16 மில்லியன் அணுக்கள் என்ற கீழ் எல்லைக்கும் குறைவு என்று கண்டதும் "நான் ஆம்பிளையே இல்ல" என்று உடைந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த எண்ணுக்குக் கீழே இருந்தும் தகப்பனானவர்கள் நிறையப் பேர். ரிப்போர்ட் எடுக்க இரண்டு பேரும் சேர்ந்து போங்கள். தனியே வாங்கிய ரிப்போர்ட் அலுமாரிக்குள் ஒளியும், குடி கூடும், அடுத்த கிளினிக்குக்கு ஆள் வராது.

குறை அவரிடம் என்று தெரிந்ததும் "எனக்குத்தான் பிரச்சினை" என்று ஊருக்குச் சொல்லிப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ளும் பெண்கள் எங்கள் பக்கம் அதிகம். அது பாசம்தான், மறுப்பில்லை. ஆனால் நாலு வருடம் பேச்சு வாங்கிய பிறகு அந்தப் பாசம் கசப்பாகத்தான் திரும்பும். யாரிடம் குறை என்று ஊருக்கு ஏன் சொல்ல வேண்டும்? "வைத்தியம் பாக்கிறம், ஏதும் எண்டா நாங்களே சொல்லுவம்." இருவரும் இதே வசனத்தைச் சொன்னால் போதும்.

மட்டக்களப்பு, அம்பாறையில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறவர். மாமியார் கொடுமையைப் பற்றி இந்தியாவிலிருந்து வரும் ஆலோசனை வீடியோக்கள் இந்த இடத்தில் உதவாது. இங்கே பெண்ணைப் பெற்ற தாயே அதே வளவில் இருந்து மாதம் மாதம் நாள் எண்ணுகிறார். மருமகனுக்கோ கோபத்தைக் காட்டக்கூட மூலையில்லை. தாய் வீட்டுக்குப் போய் இரண்டு நாள் தங்கினால் "விட்டுட்டுப் போறார்" என்ற கதை. அதனால் பெண்ணின் தாயிடம் பேச வேண்டியது பெண். மாப்பிள்ளையின் சகோதரிகளிடம் பேச வேண்டியது அவர். இதை மாற்றிச் செய்தால் சண்டைதான் மிஞ்சும்.

கட்டாரிலோ சவூதியிலோ புருசன் இருக்கிற வீடுகளில் கணக்கே பிழை. பன்னிரண்டு மாதம் முயன்றும் தங்காவிட்டால் மருத்துவரிடம் போகச் சொல்வது, சேர்ந்து வாழ்ந்த பன்னிரண்டு மாதத்தை. மனைவிக்கு 35 தாண்டினால் ஆறு மாதம். நல்ல ஆரோக்கியமான இளம் தம்பதிக்கே ஒரு மாதத்தில் கரு தங்கும் வாய்ப்பு நூற்றுக்கு 20, 25 தான். ஒரு லீவில் தங்கவில்லை என்றால் அது எதையும் நிரூபிக்காது. 28 நாள் சுற்று உள்ளவருக்கு, மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்து எண்ணினால் 9 முதல் 14ஆம் நாள் வரைதான் வாய்ப்பு. 15 நாள் லீவு என்றால் அதைப் பார்த்து டிக்கெட் போடுங்கள். பரிசோதனையை வந்த முதல் வாரமே முடியுங்கள்.

ஆனால் நாளைக் குறித்து உறவு வைப்பது கலியாணத்துக்குள் செய்யும் சேதம் பெரிது. "இண்டைக்கு 13ஆம் நாள்" என்ற மெசேஜைக் கண்டதும் உடம்பு ஒத்துழைக்காமல் போகும் ஆண்கள் குறைவில்லை. அதை அவள் வெறுப்பு என்று எடுப்பாள், அவர் வெட்கத்தில் வாய் திறக்கமாட்டார். சேர்ந்து இருக்கிறவர்கள் நாள் பார்க்காமல் இரண்டு மூன்று நாளுக்கொருமுறை இருந்தாலே போதும். வாய்ப்புள்ள நாள் அதற்குள் விழுந்துவிடும்.

கரு தங்க உதவும் புரொஜெஸ்டெரோன் ஹோர்மோன் மாத்திரை எடுப்பவர்களுக்கு மார்பு வலியும் வயிற்று உப்பலும் கர்ப்பம் போலவே காட்டும். இதை முதலே சொல்லிவைக்காததால் மாதவிடாய் வந்த அன்று அவள் நொறுங்கிப்போகிறாள். அன்றைக்கு "மனச லேசா வை, தானா வரும்" என்று யாரும் சொல்லாதீர்கள். 2011இல் 14 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, செயற்கைக் கருத்தரிப்புச் சிகிச்சைக்கு முன்பிருந்த மனக்கவலை வெற்றியைக் குறைத்ததாகத் தெரியவில்லை. கவலைப்பட்டதால் தங்கவில்லை என்பது, அழுகிறவள் மேல் இன்னொரு குற்றம் சுமத்துவதுதான்.

பேச்சுக்கும் அளவு வையுங்கள்: இரவில் இருபது நிமிடம், பிறகு வேறு கதை. சிகிச்சை எத்தனை முறை, எவ்வளவு காசு வரை என்பதை கொழும்புக்குப் போகமுன் பேசி எழுதிவைத்து, ஒவ்வொரு முறைக்குப் பின்னும் திரும்பப் பாருங்கள். இரண்டு கிழமைக்கு மேல் நித்திரையும் சாப்பாடும் இல்லையென்றாலும், செத்துப்போகலாம் என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலும், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள், அல்லது தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு அழையுங்கள். தமிழிலேயே பேசலாம். இது இருவருக்கும்தான், புருசன்மாருக்கும்.