சொல்லாத அன்பு அப்படியொன்றும் பெரிய அன்பு இல்லை

போன வாரம் ஒரு பதிவு சுற்றிச் சுற்றி வந்தது. அப்பாக்கள் அன்பைச் சொல்ல மாட்டார்களாம், செய்து காட்டுவார்களாம், அதுதான் உசத்தியாம். நானும் ஒரு இதயத்தைப் போட்டேன். ராத்திரி என்னவோ உறுத்தியது. எழுந்து அந்த இதயத்தை எடுத்துவிட்டுத்தான் படுத்தேன். ஏன் என்று எழுதினால் நீளும். நீளட்டும். இன்றைக்கு ஞாயிறு, இந்த ஊரில் ஒரு சூப்பர் மார்க்கெட்டும் திறக்காது, வீட்டில் இருப்பது ஒரே ஒரு வெங்காயம்.

தெரியாதவர்களுக்கு: நான் செங்கோட்டைக்காரி. ஜெர்மனியில் இல்மெனாவ் என்ற சின்ன ஊரில் மாஸ்டர்ஸ் இரண்டாம் வருஷம். துரிங்கியக் காட்டு மலைக்கு அடிவாரம். மேகம் மலையில் இறங்கி நிற்பதைப் பார்த்தால் குற்றால சீசன் வந்துவிட்டதென்று மனசு ஒரு நிமிஷம் ஏமாறும். அப்புறம்தான் தெரியும், விழுவது சாரல் இல்லை, பனி.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு பிரானூரைச் சொல்ல வேண்டியதில்லை. தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் நடுவில் இருக்கிறது. ஆனால் யாரும் பிரானூர் என்று சொல்வதில்லை. "பார்டர் எல்லாம் எறங்கு" என்பார் கண்டக்டர். பரோட்டாவும் கோழியும் தின்ன கார் எடுத்துக்கொண்டு வருகிறவர்களுக்கும் அது பார்டர்தான். வெளியூர் சிநேகிதி ஒருத்தி இறங்கி, "எங்கடி பார்டர்?" என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். இருந்தால்தானே காட்ட! 1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டை, திருவிதாங்கூர்-கொச்சியை விட்டு சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதுவரை பிரானூரில் இருந்த எல்லை மேற்கே, புளியரை தாண்டி மலைமேல் ஏறிப் போய்விட்டது. கோடு போய் இத்தனை வருஷம் ஆகியும் பேர் மட்டும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது.

இங்கேயும் அப்படி ஒன்று உண்டு. இந்த ஊர் பழைய கிழக்கு ஜெர்மனி. இரண்டு ஜெர்மனியும் 1990 அக்டோபர் 3 அன்று ஒன்றாயின. ஆனால் என் வீட்டுக்கார அம்மா மகன் இருக்கும் மேற்குப் பக்கத்தை இன்னமும் 'ட்ரூபன்' என்றுதான் சொல்வார். 'அந்தப் பக்கம்' என்று அர்த்தம். நடுவில் வேலி இருப்பது மாதிரியே சொல்வார். எங்கள் ஆச்சி கேரளத்துப் புனலூரை "மலைக்கு அந்தப் பக்கம்" என்று சொல்லும் அதே தொனி.

இன்னொரு கூத்து. அதே வீட்டுக்கார அம்மா ஒருநாள் 'கால் மூணு'க்கு வரச்சொன்னார். நம்ம ஊர் மூணேகால் போலிருக்கிறதென்று சரியாக மூணேகாலுக்குப் போய் நின்றேன். மனுஷி ஒரு மணி நேரமாகக் காத்திருக்கிறார். இந்தப் பக்கத்து ஜெர்மனில் கால் மூணு என்றால் மூன்றாவது மணியில் கால்வாசி போயிருக்கிறது, அதாவது இரண்டேகால். இது பெர்லின் சுவர்க் காலத்துப் பழக்கம்கூட இல்லை, அதற்கும் மூத்தது. எல்லையைவிடப் பழக்கத்துக்கு ஆயுசு கெட்டி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

என் பக்கத்து அறைப் பெண் தினமும் அவள் அம்மாவுக்குப் போன் பண்ணுவாள். வைக்கும்போது "இஷ் ஹாப் டிஷ் லீப்" என்பாள். உன்மேல் எனக்குப் பிரியம் என்பதுதான். பிரியமாகச் சொன்னாலும் பரவாயில்லை. கதவைப் பூட்டிக்கொண்டே, செருப்பைத் தேடிக்கொண்டே சொல்வாள். முதலில் எனக்கு இளக்காரமாக இருந்தது. தினமும் சொன்னால் வார்த்தை தேய்ந்துபோகாதா? நம் வீட்டில் இப்படியா மலிவாக்கி வைத்திருக்கிறோம் என்று ஒரு கர்வம் வேறு.

அந்தக் கர்வத்தை உடைத்தது ஜன்னல். இங்கே எந்தக் குளிரானாலும் காலையும் மாலையும் ஜன்னலை மலர்த்தித் திறந்து ஐந்து நிமிஷம் காற்று விடவேண்டும். இல்லாவிட்டால் ஈரம் தங்கிச் சுவரில் பூஞ்சை பிடிக்கும். வந்த புதிதில், காற்று நல்லாத்தானே இருக்கிறது, எதற்கு என்று சும்மா இருந்துவிட்டேன். மார்கழியில் கட்டிலுக்குப் பின்னால் கருப்பாகப் படர்ந்தது. அன்றைக்குப் புரிந்தது, அவள் சொல்வதும் இதுதான். தேவை வந்த பிறகு திறப்பது இல்லை, தினமும் திறப்பது. அவளுக்குச் சொல்வது பழக்கம், நமக்குச் சொல்லாதது பழக்கம். நம்முடைய பழக்கத்துக்கு மட்டும் 'ஆழம்' என்று பேர் வைத்துக்கொண்டோம்.

எங்கள் அப்பா மர அறுவை மில்லில் கணக்கு எழுதுகிறவர். எனக்கு விசா கிடைக்க ஒரு வருஷச் செலவுப் பணத்தை முன்னாலேயே வங்கியில் போட்டுக் காட்டவேண்டியிருந்தது. 11,904 யூரோ. அப்பா புளியரைப் பக்கத்து வயலை அடமானம் வைத்தார். என்னிடம் சொன்னது, "ரசீத பத்திரமா வச்சுக்கோ." அவ்வளவுதான். அன்பு இல்லையென்று நான் சொல்லவே இல்லை. அந்த ரசீதுக்குள் அன்பு இருக்கிறது என்று எனக்கு எடுத்துச் சொன்னது யார்? அம்மா. "ஒங்கப்பாவுக்கு ஒம்மேல உசுருட்டி, வெளிய காட்ட மாட்டாவ." அந்த வீட்டுக்கு வாக்கப்பட்ட நாளிலிருந்து சம்பளமில்லாத துபாஷி வேலை. அம்மாவுக்கு யார் மொழிபெயர்த்துச் சொன்னார்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். விளக்கு வைத்த பிறகு பத்து நிமிஷம் தாமதமாக வந்தால் அப்பா போடும் சத்தம் தெருமுனை டீக்கடைக்குக் கேட்கும். கோபத்துக்கு வார்த்தை இல்லாமல் ஒருநாளும் அவர் தவித்ததில்லை. பிரியத்துக்கு மட்டும் எப்படி வாய் அடைத்துப்போகிறது? இதைக் கேட்டால், வெளிநாடு போனதும் பேச்சைப் பாரு என்பீர்கள். என்னுங்கள்.

இந்த ஊரில் என்னோடு ஒருத்தன் இருக்கிறான். புனலூர்க்காரன். எங்கள் ஊரிலிருந்து ரயில் பாதையில் 50 கிலோமீட்டர் வராது. 2010இல் மீட்டர் கேஜ் வண்டியை நிறுத்தினார்கள், அகலப் பாதையாகி 2018இல்தான் முழுசாகத் திறந்தது. நான் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் முக்கால்வாசி எங்கள் இரண்டு ஊருக்கும் நடுவில் ரயில் இல்லை. அந்தப் பாதையில் இருக்கும் பதிமூணு கண் பாலத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக வளர்ந்து, இங்கே துணி துவைக்கும் மெஷினுக்கு வரிசையில் நிற்கும்போது பார்த்துக்கொண்டோம்.

அவன் பழக்கம் தனி. கொளுத்தும் வெயிலிலும் பதிமுகம் என்கிற மரச்சீவல் போட்டுக் கொதித்த சிவப்புத் தண்ணீர்தான் குடிப்பான். நான் குழாய்த் தண்ணீரை அண்ணாந்து குடிப்பதை, தற்கொலை முயற்சியைப் பார்ப்பதுபோலப் பார்ப்பான். மரச்சீனிக்கிழங்கில் (மரவள்ளிதான்) மட்டும் இரண்டு பேருக்கும் சண்டை இல்லை, ஆப்பிரிக்கக் கடையில் கிடைக்கிறது.

ஒருநாள் லைப்ரரி வாசலில், சும்மா, "இன்னு நின்னெ காணான் தோணி" என்றான். இன்றைக்கு உன்னைப் பார்க்கத் தோன்றியது. அவ்வளவு சின்ன வாக்கியம். எனக்குக் காது சூடேறி, தொண்டை அடைத்து, கடைசியில் என் வாயில் வந்தது: "சாப்டியா?"

அப்பா! அப்படியே அப்பா.

அதற்கப்புறம்தான் முடிவு பண்ணினேன். இங்கே மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள், நாலரை மணி வித்தியாசம் மூன்றரை ஆகும். அப்பா அதை நாள்காட்டியில் குறித்து வைத்துக்கொண்டு என் நேரத்துக்குச் சரியாகக் கூப்பிடுவார். அந்த ஞாயிற்றுக்கிழமை, "சரி, வைக்கட்டா?" என்றபோது சொன்னேன். "அப்பா, ஒங்கள எனக்கு ரொம்பப் பிடிக்கும்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "காசு ஏதும் வேணுமாம்மா?"

அம்மா போனைப் பிடுங்கி, "ஏட்டி, ஒடம்புக்கு என்ன?" என்றாள். நான் விடவில்லை. அடுத்த ஞாயிறும் சொன்னேன், அதற்கடுத்த ஞாயிறும். நாலாவது தடவை அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரி சரி. இங்கயும் அப்படித்தான்."

இங்கயும் அப்படித்தான்! அந்த மூன்று நொடியை ரெக்கார்டு பண்ணாமல் விட்டேனே என்று இருக்கிறது. அம்மாவிடம் ஒருதடவைகூடச் சொல்லவில்லை என்பது இதை எழுதும்போதுதான் உறைக்கிறது. அடுத்த ஞாயிறு.

புனலூர்க்காரன் விஷயம் வீட்டில் இன்னும் தெரியாது. அப்பா முகநூலில் இல்லை. சித்தப்பா இருக்கிறார், என் பதிவை எல்லாம் வாசிப்பார், ஆனால் பாதியில் விட்டுவிடுவார் என்ற தைரியத்தில்தான் இவ்வளவு கீழே எழுதியிருக்கிறேன். சித்தப்பா, ஒருவேளை இதுவரைக்கும் வந்துட்டீங்கன்னா லைக் போட்டுராதீங்க. மொதல்ல எனக்கு ஒரு போன் போடுங்க.