மூட்டை விற்கலாம், கொட்டக் கூடாதாம்!

அக்டோபர் வந்துவிட்டால் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வடக்கே போகும் சாலைகளில் பெட்ரோல் பங்க் வாசலெல்லாம் கேரட், சுகர் பீட், சோளம் என்று மூட்டை மூட்டையாக அடுக்கியிருப்பார்கள். எல்லாம் மானுக்கு. ஆனால் அந்த மாநிலத்தின் தெற்குப் பகுதியான கீழ்த் தீபகற்பத்தில் தீனி கொட்டி மான் வேட்டையாடுவதற்கு 2019 ஜனவரி 31 முதல் தடை. விற்பதற்குத் தடை இல்லை!

தடை வேண்டும் என்பதுதான் என் கட்சி. "தீனி போட்டுச் சுடுவதெல்லாம் ஒரு வீரமா?" என்று கேட்பவர்களோடு நான் சேரவில்லை. கறிக்காகச் சுடுகிறவர் எங்கே உட்கார்ந்து சுட்டால் என்ன? எனக்குக் கவலை நோய்தான். சி.டபிள்யூ.டி. (Chronic Wasting Disease) என்ற மெலிவு நோய் மானின் மூளையை அரித்து, எலும்பும் தோலுமாக்கிக் கொன்றுவிடும். மருந்து கிடையாது. காரணம் பிரியான் என்ற உருக்குலைந்த புரதம். எச்சில், சிறுநீர் வழியாக மண்ணில் இறங்கினால் ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடக்கும். தானாக மேயும் மான் இங்கொரு வாய், அங்கொரு வாய் என்று நகர்ந்துகொண்டே இருக்கும். குவியல் போட்டால் தினமும் ஒரே இடத்துக்கு வந்து மூக்கோடு மூக்கு உரசும். ஒன்று கடித்துப் போட்ட கேரட்டை இன்னொன்று மெல்லும். மிச்சிகனின் காட்டு மான்களில் இந்த நோய் 2015இல் தெரிய வந்தது. வடகிழக்குப் பக்கம் மாட்டுக் காசநோய் வேறு, மானிலிருந்து பண்ணை மாடுகளுக்கும் தாவியிருக்கிறது.

வேட்டைக்காரர்கள் கேட்கும் ஒரு கேள்வி நியாயமானது. நிலம் வைத்திருப்பவர் மானுக்கென்றே பயிர் போட்டு அதன் ஓரத்தில் காத்திருக்கலாம். நிலமில்லாதவர் ஒரு மூட்டை கொட்டினால் அபராதமா? வயலில் தீனி பரந்து கிடக்கிறது, குவியல் போல இல்லை என்று பதில் சொல்லலாம். ஆனாலும் வயிற்றெரிச்சல் புரிகிறது.

விதியும் ஒரு நிலையில் நிற்கவில்லை. 2008இல் தடை, 2011இல் நீக்கம், 2019இல் மறுபடி தடை. அதே ஆண்டு சட்டமன்றம் நீக்கப் பார்க்க, மாநில ஆளுநர் விட்மர் வீட்டோ செய்து தடுத்தார். வடக்குப் பகுதியான மேல் தீபகற்பத்திலோ 2 காலன் (சுமார் ஏழரை லிட்டர்) வரை தீனி போடலாம், 10 அடிக்கு 10 அடி பரப்பில் தூவ வேண்டுமாம். அடர்ந்த காட்டுக்குள் யார் டேப் வைத்து அளப்பது?

அதிகாரிகள் புதர் புதராகத் தேடுவதை விட, தடை உள்ள பகுதியில் வேட்டைக் காலத்தில் இந்த மூட்டை வியாபாரத்தை நிறுத்தலாம். குதிரைக்குத்தான் வாங்குகிறோம் என்பார்கள். சரி, வாங்கட்டும். அதற்கு எதற்கு "டீர் கேரட்" (மான் கேரட்) என்று வாசலில் போர்டு?