720 எபிசோடா என்று தயங்குபவர்களுக்கு

நருட்டோ என்ற நிஞ்ஜா பையனின் கதையைச் சொல்லும் ஜப்பானிய அனிமே (கார்ட்டூன்) தொடரைப் பாருங்கள் என்றால் உடனே வரும் கேள்வி, மொத்தம் எத்தனை எபிசோடு என்பதுதான். முதல் தொடர் 220, அதன் தொடர்ச்சியான ஷிப்புடன் 500. 2002இல் தொடங்கி 2017 வரை ஓடியது. கேட்டதும் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். எனக்கோ அந்த நீளம்தான் இந்தத் தொடரின் பலம்.

பெயின் என்ற வில்லன் வரும் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். நருட்டோவின் குரு ஜிராயாவைக் கொன்றவன், நருட்டோவின் ஊரான கோனோஹாவை நொடியில் தரைமட்டமாக்கியவன். வேறு கதையாக இருந்தால் ஹீரோ அவனை வீழ்த்துவதோடு முடிந்திருக்கும். இங்கே சண்டையில் ஜெயித்த பிறகு, அவனை ஒளிந்திருந்து இயக்கும் நாகாட்டோவைத் தேடி நருட்டோ தனியாகப் போகிறான். போய், எதிரில் நின்று அவன் கதையைக் கேட்கிறான். மழை ஓயாத ஒரு சின்ன நாடு. பெரிய நாடுகள் தங்கள் போரை அங்கே வந்து நடத்துகின்றன. நாகாட்டோவின் அப்பா அம்மாவை வீட்டுக்குள்ளேயே கொன்றவர்கள் கோனோஹா நிஞ்ஜாக்கள். அநாதையாக நின்ற அவனுக்கு வித்தை சொல்லிக்கொடுத்தவரும் அதே ஜிராயாதான்! உங்கள் ஊர் செய்தால் மட்டும் நியாயமா என்கிறான் நாகாட்டோ. நருட்டோவிடம் அதற்குத் தயாராக ஒரு பதில் இல்லை. மன்னிக்க முடியவில்லை என்பதை மறைக்காமல் சொல்கிறான், ஆனாலும் கொல்லவில்லை. ஜிராயாவோடு நாமும் அவ்வளவு காலம் பழகியிருப்பதால், பழிவாங்க வேண்டும் என்ற வெறி நமக்குள்ளும் இருக்கும். அதை இறக்கிவைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போது புரியும். பன்னிரண்டு எபிசோடு தொடரில் இதைச் செய்யவே முடியாது.

ராக் லீயையும் சொல்லாமல் விட முடியவில்லை. நிஞ்ஜுட்சு என்ற நிஞ்ஜா மந்திர வித்தை வராத பையன், வெறும் உடற்பயிற்சியை நம்பி காரா என்ற பலமான எதிராளியின் முன்னால் நிற்கிறான். காலில் கட்டிய எடையைக் கழற்றிப் போடும் அந்தக் காட்சி இன்றும் சிலிர்க்க வைக்கிறது.

குறைகள் இருக்கின்றன. கடைசிப் போர் இழுவை, நருட்டோவின் குழுத் தோழி சகுராவுக்கு இன்னும் நல்ல கதை கிடைத்திருக்க வேண்டும். ஃபில்லரும் நிறைய. இதன் மூலக்கதையான கிஷிமோட்டோவின் மாங்கா (காமிக்ஸ்) வாராவாரம் வந்துகொண்டிருந்தபோதே அனிமேவும் ஓடியதால், கதை தீராமலிருக்க இடையில் சொருகியவை. முதல் தொடரில் 135க்குப் பிறகு ஏறக்குறைய எல்லாமே அதுதான். தாண்டிப் போங்கள், ஒன்றும் குறையாது.

முதலில் 19 எபிசோடு பாருங்கள். ஸபூஸா, ஹாகு என்ற எதிரிகளின் கதை அதற்குள் முடிந்துவிடும். அது உங்களைத் தொடவில்லை என்றால் தாராளமாக நிறுத்திக்கொள்ளலாம். தொட்டுவிட்டால் சூனின் தேர்வு (நிஞ்ஜாக்களின் பதவி உயர்வுத் தேர்வு) வரை போய்விட்டு வந்து சொல்லுங்கள், பேசுவோம்.