கோவை வேளாண் கல்லூரிக்கு 1971-க்கு முந்தைய ஆவணங்கள் இல்லையா?

கோவை வேளாண் கல்லூரி 1971-இல்தான் தொடங்கப்பட்டது என்றும், அதற்கு முந்தைய ஆவணம் எதுவும் கிடையாது என்றும் ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றி வருகிறது. இரண்டுமே தவறு. 1971 ஜூன் 1 என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவான நாள். கல்லூரியோ சைதாப்பேட்டையில் 1868-இல் தோன்றிய வேளாண் பள்ளியின் வழிவந்து, 1906-இல் கோவைக்கு இடம்பெயர்ந்து, 1920-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது.

ஆவணங்களைப் பொறுத்தவரை, செய்தியை எழுதியவர் எழும்பூர்ப் பக்கம் எட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை. அங்குள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் சென்னை மாகாண வருவாய்த் துறையின் அரசாணைகளும் வருவாய் வாரியத்தின் நடவடிக்கைக் குறிப்புகளும் தொகுதி தொகுதியாகப் பாதுகாக்கப்படுகின்றன. வேளாண்மை அக்காலத்தில் வருவாய் நிர்வாகத்தின் கீழ் இருந்ததால், கல்லூரியின் பெயரில் மட்டும் தேடுபவருக்கு அவை எளிதில் அகப்படுவதில்லை. ஒவ்வோர் ஆணைக்கும் எண்ணும் நாளும் உண்டு என்பதால், ஆண்டும் துறையும் தெரிந்தால் அட்டவணை வழியாக உரிய கோப்பைக் கேட்டுப் பெறலாம். மாகாண நடவடிக்கைக் குறிப்புகளின் படிகள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களிலும் உள்ளன.

அச்சுச் சான்றும் உண்டு. மெட்ராஸ் வேளாண் மாணவர் சங்கம் 1911-இல் கோவையில் அமைந்தது. அதன் ஆய்விதழ் 1913 முதல் வெளிவருகிறது. 1971-இல் பிறந்த கல்லூரிக்கு 1913-இல் இதழ் எப்படி வந்தது என்பதைச் செய்தியைப் பரப்புவோர்தான் விளக்க வேண்டும்.