எந்த ஏணியின் ஏழாம் படி?

போன ஞாயிறு பின்னேரம் தங்கச்சியின் மகன் களுவாஞ்சிகுடியில் எங்கள் வீட்டுக்கு ஒரு நோட்டீஸோடு வந்தான். பளபளக்கிற தாள், பட்டத் தொப்பியோடு சிரிக்கிற பிள்ளைகள், மூலையில் லண்டன் மணிக்கூட்டுக் கோபுரம். "மாமா, ஏ.எல். இருந்தா போதுமாம். பதினெட்டு மாதத்தில லெவல் 7 டிப்ளோமா. நம்மட என்.வி.கியூவிலயும் ஏழெண்டா டிகிரிதானே? அப்ப இதுவும் டிகிரிதானே?"

"எந்த ஏணியின் ஏழாம் படி மகன்?" என்று கேட்டேன். முழித்தான். அவனில் பிழை இல்லை. நோட்டீஸ் அடித்தவருக்கு அந்த முழிப்புத்தான் வியாபாரம்.

நம் நாட்டிலேயே இரண்டு ஏணி இருக்கிறது. தொழிற்கல்விப் பக்கத்துத் தேசியத் தொழில் தகைமைக்கு, அதாவது என்.வி.கியூவுக்கு, 7 படி. அதன் உச்சிதான் டிகிரி. உயர்கல்விப் பக்கம் 2012 இல் வந்த இலங்கைத் தகைமைச் சட்டகத்துக்கு 12 படி. அதில் ஓ.எல். முதலாவது, ஏ.எல். இரண்டாவது, மூன்று வருடப் பட்டம் ஐந்தாவது, நான்கு வருடச் சிறப்புப் பட்டம் ஆறாவது, கலாநிதி பன்னிரண்டாவது. அதன் ஏழாம் படி பட்டப்பின் சான்றிதழ். அவுஸ்திரேலியாவின் பத்துப் படி ஏணியில் ஏழு என்றால் இளமாணி, அதாவது முதல் பட்டம். இங்கிலாந்தின் எட்டுப் படி ஏணியில் இளமாணி ஆறு, அதற்கு மேற்பட்ட முதுமாணி ஏழு. எண் ஒன்றுதான், ஏணிக்கு ஏணி பொருள் வேறு.

இதைவிடப் பெரிய சூட்சுமம் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் படி எண் பாடத்தின் கடினத்தை மட்டும்தான் சொல்லும், நீளத்தைச் சொல்லாது. கறியின் உறைப்பைச் சொன்னால் சட்டியின் அளவு தெரியுமா? அங்கே 370 மணித்தியாலப் படிப்பு இருந்தாலே 'டிப்ளோமா' என்று பெயர் வைக்கலாம். நம் சட்டகத்தில் ஒரு கிரெடிட் என்றால் 50 மணித்தியாலம். பட்டத்துக்கு மேல் பாடநெறியாகப் படிக்கும் முதுமாணிக்குக் குறைந்தது 30 கிரெடிட் வேண்டும், அதாவது 1500 மணித்தியாலம். 370ஐயும் 1500ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லெவல் 7 டிப்ளோமா எல்லாம் போலி என்று நான் சொல்ல வரவில்லை. உண்மையான தகைமையாகவே இருக்கும், ஆனால் முதுமாணிப் பட்டம் ஆகாது. நோட்டீஸிலும் அப்படி எழுதியிருக்கவில்லை. எழுதாமல் நினைக்க வைத்திருந்தார்கள்.

அப்புறம் அந்த 'அங்கீகாரம்' என்ற சொல். யாருடைய அங்கீகாரம், எதற்கு? வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றைப் பற்றி நம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் கேட்டால், அதன் பெயர் சர்வதேசப் பல்கலைக்கழகப் பட்டியல்களில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அது பல்கலைக்கழகத்தைப் பற்றிய பதில், வேலையைப் பற்றியதல்ல. வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர் திரும்பி வந்து இலங்கை மருத்துவச் சபையின் பரீட்சையில் சித்தியடையாமல் இங்கே வைத்தியம் பார்க்க முடியாது. பொறியியலாளருக்குக் கதை வேறு. ஒரு நாட்டுப் பொறியியல் பட்டத்தை மற்ற நாடு ஏற்பதற்கான வாஷிங்டன் உடன்படிக்கையில் நம் பொறியியலாளர் நிறுவனம் 2014 இல் முழு அங்கத்துவம் பெற்றது. ஆனால் அதன் பலன் அங்கத்துவ நிறுவனங்கள் பரிசோதித்து ஏற்றுக்கொண்ட பட்டங்களுக்குத்தான்.

சரி, இவ்வளவும் பேப்பர் வைத்திருப்பவர்களின் கதை. எனக்கு அதைவிட மனதில் நிற்பது என் மச்சானின் கதை.

கட்டாரில் பதினான்கு வருடம் எலக்ட்ரீசியன். பெரிய கட்டடங்களுக்கு வயரிங் செய்தவன், கடைசி நாலு வருடம் பத்துப் பேரை மேய்த்தவன். ஊருக்கு வரும்போது பெரிய ரீவியும் இரண்டு கம்பளியும் கொண்டு வந்தான். சேவைக் கடிதம் ஒன்று கொண்டு வரவில்லை. கேட்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. கொழும்பில் ஒரு கம்பனி நேர்முகத்தில் முதல் கேள்வியே, "சேட்டிபிக்கட் எங்கே?" ஓ.எல். பெறுபேற்றை நீட்டினானாம். அதுவும் கணக்கில் கோட்டை விட்ட பெறுபேறு. மனுசன் ஆறு மாதம் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

மறுகா ஒருநாள் அரசின் தொழிற்பயிற்சி அதிகாரசபையான நைற்றாவில் வேலை செய்த ஒரு நண்பர்தான் முன்கற்றலுக்கான அங்கீகாரம் பற்றிச் சொன்னார். வகுப்பில் இருந்து படிக்கத் தேவையில்லை. வேலை செய்து கற்றதற்கு ஆதாரம் காட்டினால், மதிப்பீட்டாளர் அதைத் தேசியத் தேர்ச்சி நியமத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார், கேள்வி கேட்பார், வேலையைச் செய்து காட்டச் சொல்வார். தேறினால் என்.வி.கியூ. வகுப்பில் படித்தவனுக்குக் கொடுக்கிற அதே சான்றிதழ்தான். மச்சானின் ஆதாரம் என்ன தெரியுமா? பழைய போனில் இருந்த படங்கள், சைட்டில் போட்ட அடையாள அட்டை, அவனோடு வேலை செய்த இரண்டு பேரின் கடிதம். போர்டு கட்டிக் காட்டும்போது மதிப்பீட்டாளர் கிட்ட வந்து நின்று, "இந்த முடிச்சை எங்கே பழகினீர்கள்?" என்று கேட்டாராம். இதை அவன் இன்றைக்கும் வாரம் ஒரு தடவை எங்களுக்குச் சொல்வான். என்.வி.கியூவில் நான்காம் மட்டம் கிடைத்தது. அப்போது அவனுக்கு வயது நாற்பத்தாறு.

இந்த வழி எங்கள் பக்கத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? கல்லாறு, கல்முனை, அக்கரைப்பற்று என்று எந்த ஊருக்குப் போனாலும் வளைகுடாவில் கை தேய்ந்து திரும்பிய மேசன், வெல்டர், ஏசி மெக்கானிக் இருப்பார்கள். லெவல் 7 நோட்டீஸ் வீடு தேடி வருகிறது, இந்தத் தகவலுக்கு ஒரு ஒலிபெருக்கி ஓட்டோகூட வருவதில்லை.

பேப்பர் இல்லாதவனையும் அளக்க முடியும் என்பதை உலகம் எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது. 1997 இல் ஐரோப்பிய நாடுகள் லிஸ்பனில் செய்த உடன்படிக்கையில், சான்றிதழைக் காட்ட முடியாத அகதிகளின் தகைமையையும் நியாயமாக மதிப்பிட வழி செய்ய வேண்டும் என்று தனிப் பிரிவே இருக்கிறது. 90இல் போருக்குப் பயந்து ஓடியவர்களுக்கும் 2004 சுனாமியில் கடலுக்குச் சான்றிதழைக் கொடுத்தவர்களுக்கும் அது எவ்வளவு பெரிய வாசகம் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

என் குறை இதுதான். என்.வி.கியூ 5, 6, 7 என்பவை சட்டகத்தின் 3, 4, 5க்குச் சமம் என்று எழுத்தில் இருக்கிறது. அதாவது தொழில் வழியில் ஏறியும் பட்டத்துக்குப் போகலாம். ஆனால் கல்யாணப் பேச்சில் "மாப்பிள்ளை என்.வி.கியூ 5" என்று சொன்ன ஒரு தரகரை நான் இன்னும் காணவில்லை. லண்டன் படம் போட்ட டிப்ளோமா என்றால் சொல்வார்.

மருமகனிடம் மூன்று கேள்வி எழுதிக் கொடுத்தேன். இது எந்த நாட்டு ஏணியின் ஏழு? மொத்தம் எத்தனை மணித்தியாலம்? தகைமையைத் தருவது யார், நீங்களா வேறு யாருமா? நோட்டீஸில் இருந்த நம்பருக்கு என் முன்னாலேயே எடுத்தான். முதல் கேள்வியிலேயே, "சேர் மீட்டிங்கில் இருக்கிறார், திருப்பி எடுப்பார்" என்றார்கள். இன்றைக்குப் புதன்கிழமை. அவன் இப்போது மச்சான் வீட்டு முற்றத்தில் இருந்து அந்த முடிச்சைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.